ஏலத்துக்கு வந்த பழம்பெருமை

கேள்வி: நியூயார்க்கில், புரூக்ளின் பகுதியில் உள்ள பீட்டர் லூகர் ஸ்டேக் (அனலில் வாட்டிய தடித்த மாட்டிறைச்சித் துண்டு) உணவகம் 1887 முதல் நடக்கிறதாம். பழம்பெருமையைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?

பதில்: பழம்பெருமை சோறு போடும் என்றால் அந்தக் கடை 1950இல் ஏலத்துக்கு வந்திருக்காது. உரிமையாளர் பீட்டர் லூகர் 1941இல் காலமானபின் கடை நொடித்துப்போனது. எதிரே உலோகச் சாமான் தொழிற்சாலை வைத்திருந்த சால் ஃபோர்மன், அங்கே வாடிக்கையாகச் சாப்பிட்டவர், ஏலத்தில் எடுத்தார். அதை நிமிர்த்தியதில் பெரும்பங்கு அவர் மனைவி மார்ஷாவுடையது. இறைச்சியின் தரம் பார்க்க முறையாகக் கற்று, மொத்தச் சந்தைக்குத் தாமே போய்ப் பொறுக்கி எடுத்தார். அமெரிக்க வேளாண்துறையின் 'பிரைம்' என்ற உயர்தர முத்திரை இருந்தால் மட்டும் போதாது; சதைக்குள் கொழுப்பு மெல்லிய இழைகளாகச் சீராக ஓட வேண்டும்.

வாங்கியதை அன்றே சமைப்பதும் இல்லை. எலும்பும் மேல்கொழுப்புமாக முழு இடுப்புத் துண்டத்தை எதிலும் சுற்றாமல், 1 முதல் 3 டிகிரி செல்சியஸ் குளிரில், காற்றோட்டத்தில் வாரக்கணக்கில் வைக்கிறார்கள். இறைச்சியிலேயே உள்ள நொதிகள் தசையை இளக்கும். நீர் வற்ற வற்றச் சுவை திரளும். ஈரப்பதம் ஏறினால் மேலே பிசுபிசுத்துக் கெடும். மிகவும் இறங்கினால் தேவைக்கு மேல் காய்ந்து, சீவி எறிவதே அதிகமாகும். எடை குறைவது நேரடி நஷ்டம் என்பதால்தான் பல கடைகள் காற்று நீக்கிய பையில் அடைத்ததை வாங்கிக்கொள்கின்றன. வீட்டுக் குளிர்பெட்டியில் ஒற்றைத் துண்டை வைத்து இதைச் செய்ய முயலாதீர்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் வெப்பம் ஏறும். காய்ந்ததைச் சீவியபின் தின்ன ஒன்றும் மிஞ்சாது.

அவர்களுடைய பேர்பெற்ற துண்டு போர்ட்டர்ஹவுஸ். எலும்பின் ஒரு பக்கம் கடித்துத் தின்னும் ஸ்ட்ரிப் என்ற சதை, மறுபக்கம் பஞ்சுபோன்ற டெண்டர்லாயின் என்ற சதை. பின்னது சீக்கிரம் வெந்துவிடும்; கவனம் பிசகினால் ஒரே தட்டில் ஒன்று பதம், மற்றது சக்கை. மேலிருந்து கடும் அனல் இறங்கும் அடுப்பில் வாட்டி, அறுத்து, எலும்போடு சேர்த்தடுக்கி, வெண்ணெயோடு மீண்டும் அனலில் காட்டுகிறார்கள். இரண்டாவது சூடு இருப்பதால் முதல் தடவை வேகும்முன்பே எடுத்தாக வேண்டும். மேசையில் தட்டின் ஒரு முனையை உயர்த்தி வைப்பது, ஓரத்தில் தேங்கும் சாறையும் வெண்ணெயையும் அள்ளித் துண்டுகள்மேல் ஊற்றத்தான்.

இந்தக் கை எப்போதும் தவறாது என்று சொல்ல மாட்டேன். 2019இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் விமர்சனம் ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை. 2022இல் மிஷெலின் உணவக வழிகாட்டி தந்திருந்த நட்சத்திரமும் போயிற்று. 1887 என்ற எண் இரண்டையும் தடுக்கவில்லை.