பார்ட் டூ ஆர்டரில் ஏறிவிட்டதா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார், இப்போது ஜம்மு-காஷ்மீர் ரஜௌரியில் இருக்கிறார். நான் இரண்டு பிள்ளைகளோடு திருத்துறைப்பூண்டி பக்கம் மாமியார் வீட்டில் இருக்கிறேன். சின்னவனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று தஞ்சாவூரில் சொல்லிவிட்டார்கள். வாரம் மூன்று நாள் ஸ்பீச் தெரபி, ஓ.டி. (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) என்று அலைகிறேன். பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் ஆகிறது. இன்னும் பள்ளியில் சேர்க்கவில்லை. ராணுவத்தில் இதற்குப் பணம் உண்டு என்கிறார்கள். யாரைப் பிடிப்பது, எங்கே எழுதுவது?

பதில்: சகோதரி, பணம் உண்டு. ஆனால் நீங்கள் இப்போது போய்வரும் வழியில் அது வராது. படைவீரர்களின் ஆவணங்களைப் பராமரிக்கும் ரெக்கார்ட் ஆபீசில் கிளார்க்காக இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். இப்படி வந்த விண்ணப்பங்களைப் பாஸ் பண்ணியதைவிடத் திருப்பி அனுப்பியதுதான் அதிகம். அதனால் எங்கே மாட்டும் என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்கு வரவேண்டிய பெரிய தொகை பிள்ளைகள் கல்விப் படி. யூனிட்டில் சி.ஈ.ஏ. என்பார்கள். மூத்த இரண்டு பிள்ளைகளுக்குக் கிடைக்கும். 2024 ஜனவரி முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அதில் இரட்டிப்பு, மாதம் 5,625. வருடத்துக்கு 67,500 ரூபாய். மற்றப் பிள்ளைகளுக்கு இருபது வயதோ பன்னிரண்டாம் வகுப்போ முடிகிறவரைதான். இவனுக்கு 22 வயதுவரை உண்டு.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. இது நிலையான தொகை. பள்ளிக்கு நீங்கள் எவ்வளவு கட்டினீர்கள் என்று பார்த்துக் கொடுப்பதில்லை. பிள்ளை அந்த வருடம் படித்தான் என்று தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட சான்று போதும். ஊர்ப் பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் ஒரு பைசா கட்டாமல் படித்தாலும் முழுத் தொகையும் வரும், அதைத் தெரபிக்குச் செலவழிக்கலாம். தெரபி சென்டர் ரசீதை எத்தனை கட்டு அனுப்பினாலும் சி.ஈ.ஏ. வராது, ஏனென்றால் அது பள்ளி இல்லை. சிறப்புப் பள்ளியில் சேர்ப்பதானால் அது அரசு உதவி பெறுவதாகவோ அரசு ஒப்புதல் பெற்றதாகவோ இருக்க வேண்டும்.

ஆகவே முதலில் பையனைப் பள்ளியில் சேருங்கள். ‘இவனை வைத்துக்கொண்டு எப்படிப் பாடம் நடத்துவது’ என்று டீச்சர் இழுக்கலாம். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு ஆறு முதல் பதினெட்டு வயதுவரை இலவசக் கல்வி உரிமை. அக்கம்பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். சட்டத்தைக் காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்துக்கு ஒரு நடை போய், உள்ளடக்கிய கல்வியைப் பார்க்கிற சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். பள்ளியில் அவரே பேசுவார். இயன்முறை மருத்துவரும் மையத்துக்கு வருவார். பிள்ளை பெயர் பதிவேட்டில் ஏறினால் அந்தச் சேவையெல்லாம் இலவசம். வாரம் மூன்று நாள் தஞ்சாவூர் பஸ்ஸில் அவனோடு நீங்கள் படும் பாடு இரண்டு நாளாகக் குறைந்தாலே பெரிய விஷயம்தானே.

இதற்கெல்லாம் அடிப்படை யூ.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. தஞ்சாவூர் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு சான்று ஆகாது. மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவக் குழு முன்னால் பையனைக் காட்ட வேண்டும். என்றைக்குக் குழு உட்காருகிறது என்று கலெக்டர் ஆபீசில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் வெறும் கையோடு திரும்புவீர்கள். அட்டையின் கோடு மஞ்சளாக இருந்தால் 40 சதவீதமோ அதற்கு மேலோ, நீலமாக இருந்தால் 80-ஓ அதற்கு மேலோ. வெள்ளையாக இருந்தால் மேலே சொன்ன இரட்டிப்பு கிடைக்காது. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காலக்கெடு வைத்துத்தான் சான்று தருவார்கள். அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. உங்கள் கணவர் யூனிட் ஆபீசில் பார்ட் டூ ஆர்டர் போட வைக்க வேண்டும். படைவீரரின் குடும்ப விவரங்களை ராணுவப் பதிவில் ஏற்றுகிற உத்தரவு அது. பிள்ளை பிறந்ததற்கு ஒன்று போட்டிருப்பார். குறைபாட்டுச் சான்றை வைத்து இன்னொன்று போட வேண்டும். அது ரெக்கார்ட் ஆபீசிலும் சம்பளக் கணக்கு அலுவலகத்திலும் பதியாதவரை ராணுவத்தின் கணக்கில் உங்கள் பையன் மற்ற எல்லாப் பிள்ளைகளையும் போல ஒரு பிள்ளை, அவ்வளவுதான்.

போன வருடம் ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா மஞ்சப்பையோடு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எடுத்து வைத்தோம். சான்று, அட்டை, பள்ளிச் சான்று எல்லாமே இருந்தன. இரண்டு வருடமாகப் பணம் மட்டும் வரவில்லை. பெயரை மாற்றிச் சொல்கிறேன்: பிறப்புச் சான்றில் செ. கவின், ஆதாரில் கவின் செந்தில், யூ.டி.ஐ.டி.யில் வெறும் கவின். நமக்கு மூன்றும் ஒரே பிள்ளைதான். இனிஷியல் என்பது அப்பா பெயர் என்று வடக்கே உட்கார்ந்திருக்கும் கிளார்க்குக்கு யார் சொல்வது? அவர் ‘அப்சர்வேஷன்’, அதாவது குறை இருக்கிறது, என்று ஒரு வரி எழுதித் திருப்பிவிட்டார். குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, அந்த நாற்காலியில் இருந்தபோது நானும் இதையேதான் செய்தேன். ஆதாரைத் திருத்தி, அதன்படி மற்றதையும் மாற்றி, மறுபடி பார்ட் டூ போட நாலு மாதம் ஆனது. நீங்கள் யூ.டி.ஐ.டி. விண்ணப்பத்தில் ஒரு எழுத்து போடுமுன் பிறப்புக்குப் போட்ட பார்ட் டூவின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, அதில் இருக்கிறபடியே போடுங்கள். அதிலேயே தப்பு என்றால் அதை முதலில் திருத்துங்கள்.

சி.ஈ.ஏ. பணம் மாதாமாதம் வராது. வருடம் முடிந்தபின் ஒரே தவணை. அதுவரை கைக்காசுதான் போடவேண்டும். சம்பா நெல் போட்ட பணத்தில் சமாளிக்கிற வீடுகள் உண்டு. அதற்காக வட்டிக்கு வாங்காதீர்கள்.

தெரபிச் செலவுக்கு உதவுவது மத்திய அரசின் நேஷனல் ட்ரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருடம் 1 லட்சம் ரூபாய்வரை. ஆஸ்பத்திரியில் படுக்காமல் எடுக்கும் தெரபிக்கும் அதில் இடம் உண்டு, அதற்குத் தனி உச்சவரம்பு வைத்திருப்பார்கள். ட்ரஸ்ட்டில் பதிவான தொண்டு நிறுவனம் மூலம் சேரலாம். வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். இதற்குத் தெரபி ரசீது தேவைப்படும், அதனால் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ரசீது கேட்கும்போதே, ஸ்பீச் தெரபி தருகிறவரின் இந்திய மறுவாழ்வுக் குழுமப் பதிவெண்ணையும் கேளுங்கள். முகம் சுளித்தால் அந்த சென்டர் வேண்டாம்.

தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றில் இருந்தால் அதே கலெக்டர் ஆபீசில் மனு கொடுங்கள். வீட்டில் அரசு வேலை உண்டா என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கு வருமான வரியில் உள்ள 80டிடி கழிவு பற்றி யாராவது சொல்வார்கள். அது பழைய வரிமுறையில்தான் செல்லும். புதியதில் 12 லட்சம்வரை வருமானத்துக்கு வரியே வராது. ஹவில்தார் சம்பளத்துக்கு அதன் பின்னால் ஓட வேண்டாம்.

ஆஷா பள்ளி பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ராணுவ மனைவியர் நலச் சங்கம் பெரிய ராணுவ நிலையங்களில் நடத்துகிற சிறப்புப் பள்ளி அது. நம் டெல்டாவில் இல்லை. பையன் இங்கே பாட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது இப்போதே மூட்டை கட்டச் சொல்லமாட்டேன். ரஜௌரி முடிந்து பீஸ் போஸ்டிங் (அமைதிப் பகுதிப் பணி) வரும்போது, ஆஷா பள்ளி உள்ள ஸ்டேஷன் கேட்டு எழுதலாம். அதற்கும் முதலில் கேட்பது அந்தப் பார்ட் டூ ஆர்டரைத்தான்.

ஓய்வு பெறும்போதும் அதே தாள்தான். சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, பெற்றோர் காலத்துக்குப் பிறகு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஓய்வூதிய ஆணையில் அவன் பெயர் ஏறியிருந்தால் அப்போது அலைச்சல் இல்லை. அடுத்த லீவில் அவர் வரும்போது யூ.டி.ஐ.டி.யின் ஜெராக்ஸில் இரண்டு செட், பள்ளிச் சேர்க்கைச் சான்று ஒன்று எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு அவர் பெட்டியில் வையுங்கள். அசலை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.