கீசர் காயில் போய்விட்டதா? கேளுங்கள், சொல்கிறேன்

கும்பகோணம் பக்கம் வயரிங், கீசர் வேலை பார்க்கிறேன். மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ‘வெந்நீர் வரவில்லை’ என்ற பேச்சுதான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வேதாரண்யத்திலிருந்து ஒரு அக்கா: எங்கள் வீட்டில் போர் தண்ணீர். ஒன்றரை வருடத்தில் இரண்டு காயில் மாற்றிவிட்டோம். கடையில் மட்டமான சரக்கைக் கொடுக்கிறார்களா?

கடைக்காரரைச் சந்தேகப்படும் முன் கழற்றிய பழைய காயிலைப் பாருங்கள் அக்கா. வெள்ளையாக, ஓடு மாதிரி படிந்திருக்கிறதா? அது சுண்ணாம்பு. காயிலின் உள்ளே சூடேறும் நிக்ரோம் கம்பி, அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி, வெளியே செம்புக் குழாய். குழாயின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டே இருந்தால்தான் அது பிழைக்கும். ஓடு கட்டிவிட்டால் சூடு உள்ளேயே தங்கி, குழாய் வெடித்துவிடும். உங்கள் ஊர்த் தண்ணீரில் உப்பும் சேர்ந்து வருவதால் அரிப்பும் கூடுதல்.

காயில் மாற்றியவர் பக்கத்திலேயே இருக்கும் மெக்னீசியம் கம்பியைப் பார்த்தாரா என்று கேளுங்கள். ஆனோட் என்பார்கள். டேங்க் அரிக்காமல் இருக்க, தான் கரைந்துபோகும் கம்பி அது. வருடம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 50, 55 டிகிரியில் வையுங்கள். 60 தாண்டினால் சுண்ணாம்பு வேகமாகப் படியும். கொள்ளிடத்துக் குடிநீரைக் கீசருக்கு விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். படிவது குறையும்தான். ஆனால் குடிக்கப் பிடித்து வைக்கிற தண்ணீரைக் குளிக்க விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மயிலாடுதுறைத் தம்பி: காயில் போய்விட்டதா, தெர்மோஸ்டாட் போய்விட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

போர்டில் கீசருக்கான எம்.சி.பி. ஸ்விட்சை இறக்கிவிட்டு, டெஸ்டரில் கரண்ட் இல்லை என்று பார்த்த பிறகு, காயிலின் இரண்டு வயரையும் கழற்றி மல்டிமீட்டர் வை. 230 வோல்ட், 2,000 வாட் காயில் என்றால் 26 ஓம் பக்கம் காட்ட வேண்டும். 3,000 வாட் என்றால் 18 பக்கம். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. சரியாகக் காட்டினால் தெர்மோஸ்டாட்டையும், சூடு அளவு மீறினால் கரண்ட்டை நிறுத்தும் கட்-அவுட்டையும் பார். சில நேரம் கட்-அவுட் பட்டனை அழுத்தினாலே வேலை முடிந்துவிடும்.

திருவையாற்றிலிருந்து ஒரு ஐயா: நானே மாற்றலாமா?

ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இருந்தால் மாற்றலாம் ஐயா. கரண்ட்டை நிறுத்தியபின் தண்ணீர் ஆறட்டும். உள்ளே வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்டு, டேங்கை முழுக்க வடியுங்கள். வயரைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காயில் பொருத்தியிருக்கும் பிளேட்டைக் கழற்றியதும் டேங்கின் அடியில் கிடக்கும் சுண்ணாம்புத் தூளைக் கையால் வாரிவிடுங்கள். ஒட்டியிருப்பதற்கு எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி ஊறவிட்டால் போதும், உளி வைத்துத் தட்டினால் உள்பூச்சு பெயர்ந்துவிடும். தண்ணீர் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கட்டைப் புதிதாகவே போடுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அப்புறம் முக்கியமானது: தண்ணீரைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று போய்த் தண்ணீர் சீராகக் கொட்டிய பிறகே ஸ்விட்ச் போட வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு அம்மா: மகன் அமெரிக்காவில் வேன் வீடு வைத்திருக்கிறான். ஆர்.வி. என்கிறான். டேங்கில் தண்ணீர் இல்லாமல் ஹீட்டரைப் போட்டுக் காயில் போய்விட்டது. இங்கிருந்து வாங்கி அனுப்பலாமா?

வேண்டாம் அம்மா. தண்ணீர் இல்லாத காயில் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும், அவர் மட்டும் செய்த தவறில்லை. அங்கே 120 வோல்ட். அந்த வண்டிகளில் 1,440 வாட் காயில் பரவலாக உண்டு, மீட்டரில் 10 ஓம் காட்டும். நம் 2,000 வாட் காயிலை அங்கே மாட்டினால் ஏறக்குறைய 540 வாட்தான் தரும். மரையும் பொருந்தாது. பழைய காயிலில் அடித்திருக்கும் வோல்ட், வாட் பார்த்து அங்கேயே வாங்கச் சொல்லுங்கள். அந்த ஹீட்டர்கள் பலவற்றில் கேஸும் எரியும். வேலை செய்யும்போது கேஸையும் மூடச் சொல்லுங்கள்.

மன்னார்குடியிலிருந்து ஒருவர்: கீசர் போட்டாலே ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுகிறது. வந்தவர் அதைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுத்துவிட்டார். இப்போது விழவில்லை. ஆனால் குழாயைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது.

சார், இதைப் படித்ததும் முதலில் கீசரை நிறுத்துங்கள். வீட்டில் யாரையும் அந்தக் குளியலறையில் விடாதீர்கள்.

காயிலின் குழாய் விரிசல் விட்டு, உள்ளே தண்ணீர் போய், கரண்ட் தண்ணீரில் கசிகிறது என்றுதான் நினைக்கிறேன். வீடுகளில் போடும் ஈ.எல்.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழ வேண்டும். அது விழுந்தது பழுதில்லை, உங்களைக் காப்பாற்றியது. அதைத் தாண்டி இணைப்புக் கொடுத்தவர் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற குழந்தைக்கு அந்தச் சுருக்கே போதும்.

எர்த்தும் சரியில்லை என்று நினைக்கிறேன். எர்த் ஒழுங்காக இருந்தால் குழாயில் சுருக்கென்காது. நம் பக்கம் எர்த் குழியில் கம்பி அரித்து அறுந்து கிடப்பதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். மேலே பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். குழியைத் திறந்து, கீசரின் 16 ஆம்ப் பிளக் பாயிண்ட் வரை எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஈ.எல்.சி.பி. இணைப்பைப் பழையபடி கொடுத்த பிறகே காயில் மாற்றும் பேச்சு. அதுவரை பிளக்கைப் பிடுங்கியே வைத்து, அடுப்பில் வெந்நீர் போட்டுக்கொள்ளுங்கள்.