வாசகர் கேள்வி பதில்: வானிலை மாடல் ஏன் வெடிக்கிறது?

கேள்வி: காற்றோட்டத்தைக் கணக்கிட ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். நேரப்படியை (கணக்கு ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் முன்னே தாவுகிறது என்பது) 30 விநாடி வைத்தால் ஒழுங்காக ஓடுகிறது, 60 வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே எண்கள் கோடிக்கணக்கில் போய் நின்றுவிடுகிறது. சமன்பாடுகளைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன், மொத்த நிறைகூட மாறவில்லை. எங்கே தப்பு?

பதில்: சமன்பாட்டில் தப்பு இருக்காது. ஒரு தாளை எடுத்து வரிசையாகப் பெட்டிகள் போடுங்கள், ஒன்றில் மட்டும் 10, மற்றதில் எல்லாம் 0. காற்று இடமிருந்து வலமாக அடிக்கிறது. விதி இதுதான்: ஒரு பெட்டியின் பழைய மதிப்பிலிருந்து அதன் இடப்பக்கப் பெட்டியின் மதிப்பைக் கழித்து, வருவதை ‘க’ என்ற எண்ணால் பெருக்கி, அதைப் பழைய மதிப்பிலிருந்து கழித்தால் புது மதிப்பு. ஒரு நேரப்படியில் காற்று எத்தனை பெட்டி தாண்டுகிறது என்பதுதான் க.

க = 1 என்றால் அந்த 10 அப்படியே அடுத்த பெட்டிக்குப் போய்விடும். க = 0.5 என்றால் முதல் படியில் 5, 5. அடுத்த படியில் 2.5, 5, 2.5. கரைகிறது, ஆனால் ஆபத்தில்லை. இப்போது க = 2 வைத்துப் பாருங்கள். முதல் படியில் −10, 20. இரண்டாவது படியில் 10, −40, 40. இன்னும் நாலு படி போட்டால் தாள் போதாது.

கூட்டிப் பாருங்கள், எல்லாப் படியிலும் மொத்தம் 10தான்! நிறை மாறவில்லை என்று நீங்கள் நிம்மதியாக இருந்தது இதனால்தான். நிறையைப் பார்த்தால் நோய் தெரியாது, ஒவ்வொரு மதிப்பையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள்: 100, 500, 3300. உடனே தெரிந்துவிடும்.

காரணம் எளிது. க = 2 என்றால் இந்தப் பெட்டிக்கு வரவேண்டிய காற்று இரண்டு பெட்டி தள்ளி இருந்து கிளம்பியிருக்கிறது, ஆனால் நம் விதி பக்கத்துப் பெட்டியைத் தாண்டிப் பார்ப்பதே இல்லை. வேண்டிய தகவல் கைக்கே வராதபோது எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாலும் விடை சரியாக வராது. இந்த விதிக்கு க ஒன்றைத் தாண்டக்கூடாது என்பதுதான் நிபந்தனை. கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற கணித அறிஞர்கள் மூவரும் 1928லேயே, கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே, இப்படிப்பட்ட நிபந்தனையை எழுதிவிட்டார்கள்.

கேள்வி: என் கட்டத்தில் ஒரு பெட்டியின் அகலம் 9 கி.மீ. காற்று விநாடிக்கு 100 மீட்டர் போனாலும் 90 விநாடி தாங்க வேண்டுமே? ஏன் 30ஐக்கூடத் தாண்டமுடியவில்லை?

பதில்: காற்றை மட்டும் கணக்கில் எடுத்தீர்கள், ஒலியை விட்டுவிட்டீர்கள். அமுங்கக்கூடிய காற்றின் முழுச் சமன்பாடுகளுக்குள் ஒலியலையும் சேர்ந்தே இருக்கிறது, விநாடிக்குச் சுமார் 340 மீட்டர், 9 கி.மீ.யை அது 26 விநாடியில் கடந்துவிடும். உங்கள் முறை 30 வரை தாங்கியதே அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் இருப்பதால்தான். ஒலியை வடிகட்டிய சமன்பாடுகளை எடுத்தாலும் தப்பமுடியாது, வேகமான ஈர்ப்பு அலை (ஐன்ஸ்டைன் சொன்னது இல்லை, காற்றின் எடையால் எழுவது) கிட்டத்தட்ட 300 மீட்டர் வேகத்தில் நிற்கும்.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடமே இதுதான். நாளைய மழைக்கு ஒலியலையால் எந்தப் பயனும் இல்லை, ஆனால் நேரப்படியை முடிவு செய்வது அதுதான். அதனால் வேகமானதை ஒரு விதமாகவும் மெதுவானதை வேறு விதமாகவும் நடத்த வேண்டும். கனடாவின் வானிலை விஞ்ஞானி ஆந்த்ரே ராபர்ட் வளர்த்தெடுத்த வழியில் இரண்டு பாதி உண்டு. வேக அலைகளுக்கான உறுப்புகளை மட்டும் இப்போதைய மதிப்பும் அடுத்த படியின் மதிப்பும் கலந்த சராசரியாக எழுதுவது ஒன்று. அடுத்த படியின் மதிப்பு இன்னும் தெரியாது என்பதால் எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க வேண்டிவரும். இன்னொன்று காற்றைப் பின்தொடர்வது: இந்தப் புள்ளிக்கு இப்போது வந்து சேரும் காற்று எங்கிருந்து கிளம்பியது என்று பின்னோக்கிப் போய், அந்த இடத்து மதிப்பைச் சுற்றியுள்ள புள்ளிகளிலிருந்து இடைக்கணித்து எடுத்து வருவது. எத்தனை பெட்டி தாண்டியிருந்தாலும் கவலை இல்லை. ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்னறிவிப்பு மையம் 9 கி.மீ. கட்டத்தில் 450 விநாடி படியோடு ஓடுவது இப்படித்தான்.

இதற்கும் விலை உண்டு. அந்தச் சராசரி வேக அலைகளை நிஜத்தைவிட மெதுவாக்கிவிடும், இடைக்கணிப்பில் நிறை துல்லியமாகக் காப்பாற்றப்படாது. பத்து நாள் முன்னறிவிப்புக்குப் பெரிதில்லை, நூறு ஆண்டு கார்பன் டை ஆக்சைடு கணக்குக்குப் பெரிது. மாடல் வெடிக்கவில்லை என்பதாலேயே விடை சரி என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு என் யோசனை வேறு. செங்குத்துத் திசையை மட்டும் அந்த மாதிரிச் சராசரியாக எழுதுங்கள், கிடைத்திசையில் சின்னப் படிகளாகவே போங்கள். தரையருகே அடுக்கு 20 மீட்டர் தடிமன் என்றால் ஒலி அதை 0.06 விநாடியில் கடந்துவிடும், அங்கே இதைத் தவிர வழியில்லை. ஒவ்வொரு தூணுக்கும் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள்) மூன்று மூலைவிட்டம் கொண்ட ஓர் அணிதான் வரும், அதாவது ஒவ்வொரு அடுக்கும் தன் மேல், கீழ் அடுக்குகளோடு மட்டும் சேரும் சமன்பாட்டுத் தொகுதி, நொடியில் தீரும், பக்கத்துத் தூணைக் கேட்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான பிராசஸர்களில் பிரித்து ஓட்டவும் வசதி.

கேள்வி: வானிலையைச் சமன்பாடுகளால் கணக்கிட்டுச் சொல்ல முயன்ற ரிச்சர்ட்சனின் முதல் முன்னறிவிப்பு தோற்றதும் நேரப்படி பெரிதானதால்தானே?

பதில்: இல்லை, பலரும் இப்படி நினைக்கிறார்கள். 1910 மே 20ஆம் தேதிக்கு அவர் கையால் கணக்கிட்டபோது 6 மணி நேரத்தில் 145 ஹெக்டோபாஸ்கல் மாற்றம் வந்தது, நிஜத்தில் அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. அவர் போட்டது ஒரே ஒரு படி. வெடிக்க அந்த ஒரு படி போதாது. தொடக்கத் தரவில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்தன, அந்தப் பொருத்தமின்மை முழுவதும் ஈர்ப்பு அலையாக வெளிப்பட்டது. பின்னாளில் வானிலை ஆய்வாளர் பீட்டர் லின்ச் தொடக்கத் தரவை வடிகட்டி அதே கணக்கைப் போட்டபோது நம்பத்தகுந்த விடை வந்தது.

கேள்வி: நிபந்தனையை மீறாமல் ஓட்டினேன். நாள்கணக்கில் நன்றாகப் போய்விட்டு அப்புறம் வெடிக்கிறது. படியைக் குறைத்தும் பயனில்லை.

பதில்: இது வேறு நோய். வானிலை விஞ்ஞானி நார்மன் பிலிப்ஸ் 1956ல் வெளியிட்ட, கம்ப்யூட்டரில் ஓட்டிய வளிமண்டலச் சோதனையும் ஏறக்குறைய 30 நாளில் இப்படித்தான் முடிந்தது, காரணத்தை அவரே 1959ல் விளக்கினார். இரண்டு அலைகள் பெருக்கிக்கொள்ளும்போது கட்டம் தாங்கமுடியாத அளவு குட்டையான அலை பிறக்கும், கட்டம் அதை நீளமான வேறொரு அலையாகத் தப்பாகப் படிக்கும், சினிமாவில் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல. அந்தத் தப்பான ஆற்றல் மெல்ல மெல்லக் குவியும். குட்டை அலைகளை மட்டும் லேசாகத் தேய்த்துவிடுவது எளிய மருந்து. நல்ல மருந்து வானிலை விஞ்ஞானி அராகாவா 1966ல் தந்தது: ஆற்றலும் காற்றின் சுழற்சி அளவின் வர்க்கமும் மொத்தத்தில் மாறாதபடியே பெருக்கல் உறுப்பை எழுதிவிடுவது. முதலில் இரண்டு பெட்டி நீள அலையின் ஆற்றலை நாள்வாரியாக வரைந்து பாருங்கள். அது மட்டும் ஏறிக்கொண்டே போனால் இதுதான் நோய்.