கேரவன் என்றாலே கோபப்படும் கணவர்

கேள்வி: நாங்கள் மெல்போர்னில் இருக்கிறோம். ஈஸ்டர் விடுமுறையில் ஒரு கேரவனை, அதாவது படுக்கையும் சமையலிடமும் உள்ள இழுவை வண்டியை, வாடகைக்கு எடுத்து, காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிரேட் ஓஷன் ரோட்டில் போனோம். ஜீலாங் போவதற்குள்ளேயே ஃப்ரீவேயில் கேரவன் இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பித்தது. லோர்ன் தாண்டிய வளைவுகளில் இட்லி மாவு டப்பா மூடி தெறித்து, மெத்தை வரைக்கும் மாவு. அப்போலோ பே கேரவன் பார்க்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது நான் "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்த, அவர் வேறு பக்கம் திருப்ப, தண்ணீர்க் குழாய் உடைந்தது. பக்கத்து இடத்துப் பெரியவர் ஒருவர் வந்துதான் நிறுத்திக் கொடுத்தார். மறுநாள் ஒரு குக்கபரா பறவை மகன் கையிலிருந்த சாசேஜைப் பிடுங்கிக்கொண்டு போனது. போர்ட் கேம்பலில் ராத்திரி அடித்த காற்றில், வாசலில் நிழலுக்கு விரித்திருந்த ஆனிங் என்ற துணிப்பந்தல் கேரவன் கூரைமேல் போய் மடங்கியது. எந்த விருந்துக்குப் போனாலும் இதை நான் சொல்வேன், எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். செப்டம்பர் விடுமுறையில் மறுபடி போகலாம் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். மாமியாரும் வர ஆசைப்படுகிறார், பின்னால் படுத்துக்கொண்டே வரலாமா என்கிறார். என் கணவரோ "இந்த ஜென்மத்தில் இனி கேரவன் கிடையாது" என்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்து நன்றாகச் சிரித்தேன். ஆனால் "எந்த விருந்துக்குப் போனாலும் நான் சொல்வேன்" என்ற வரியில் கொஞ்சம் நின்றுவிட்டேன். உங்கள் கணவருக்குக் கேரவன் மேல் இருக்கிற கோபத்தைவிட, அந்தக் கதை மேல் இருக்கிற கோபம்தான் பெரிது என்று எனக்குப் படுகிறது. மாவு கொட்டியது, பறவை பிடுங்கியது, ஆனிங் மடங்கியது எல்லாம் குடும்பத்துக்கே நடந்தவை. குழாயை உடைத்தவர் மட்டும் அவர் ஒருவர்தான். கேரவன் பார்க்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க, முன்பின் தெரியாத பெரியவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாரே, அந்த நிமிடம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. விருந்துக்கு விருந்து நீங்கள் அதைக் கிளறுகிறீர்கள். முதலில் அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்துங்கள். என்றாவது அவரே ஆரம்பித்தால் கூடச் சேர்ந்து சிரியுங்கள்.

ரிவர்ஸ் எடுப்பது உண்மையிலேயே கஷ்டமான வேலை. ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் கேரவனின் பின்பக்கம் இடது பக்கம் போகும். இருபது வருடம் கார் ஓட்டியவருக்கும் இது கைவர நேரம் பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாக இருக்கும் பெரிய கார் பார்க்கில், வாடகைக்கு ஒரு சின்ன டிரெய்லரை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் பழகுங்கள். ஆம், நீங்களும்தான். (அந்த டிரெய்லரைவிடக் கேரவன் நீளமாக இருப்பதால் இன்னும் மெதுவாகத் திரும்பும், எளிதாகவே இருக்கும்.) ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்துக்கொள்ளுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ, டிரெய்லரின் பின்பக்கமும் அதே பக்கம் போகும். ஓட்டுகிறவர் எட்டிப் பார்க்க முடிகிற வலது பக்கமாகவே இடத்துக்குள் நுழையுங்கள். வழி காட்டுகிறவர் அவருடைய கண்ணாடியில் தெரிகிற இடத்தில்தான் நிற்க வேண்டும், அங்கே ஆள் தெரியாவிட்டால் வண்டி நகரக் கூடாது. லெஃப்ட், ரைட் என்ற பேச்சே வேண்டாம். "உங்க பக்கம்", "அந்தப் பக்கம்", "நில்லுங்க" என்ற மூன்று வார்த்தைகள் போதும். அதையும் கத்தாமல் போனில் பேசுங்கள், பாதிச் சண்டை அதிலேயே குறைந்துவிடும்.

இப்போது சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃப்ரீவேயில் கேரவன் ஆடியது வேடிக்கை அல்ல, நீங்கள் தப்பித்து வந்தது பெரிய விஷயம். அரிசி மூட்டை, குக்கர், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் பின்பக்கம் அடைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பின்பக்கம் கனத்தால் முன்பக்கம், அதாவது கார்க் கொக்கியில் உட்கார வேண்டிய பாரம் குறையும். அப்போதுதான் கேரவன் வாலாட்டும். ஏற்றிய கேரவனின் மொத்த எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் அந்தக் கொக்கியில் இருக்க வேண்டும் என்பது இங்கே எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. கனமான பொருள்கள் சக்கரத்துக்கு மேலே, தரையோடு ஒட்டி இருக்கட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதையும் மறக்காதீர்கள். வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள். மறுபடி ஆடினால் காரின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, கேரவனுக்குத் தனி எலெக்ட்ரிக் பிரேக் இருந்தால் அதைக் கையால் அழுத்த வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று வாடகைக்குத் தருகிறவர்களிடம் கிளம்பும் முன்பே கேட்டுத் தொட்டுப் பாருங்கள்.

மாமியார் பின்னால் படுத்துக்கொண்டு வரவே கூடாது. ஓடுகிற கேரவனுக்குள் ஆள் இருப்பது சட்டப்படி குற்றம். நான் சொன்னேன் என்றே அவரிடம் சொல்லுங்கள், வருத்தம் என் மேல் போகட்டும்.

முதல் பயணத்துக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த சாலையும் லேசானது அல்ல. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை, பெரும்பாலும் கடப்பாரையும் மண்வெட்டியுமாக மலையைக் குடைந்து போட்ட வழி அது. டார்க்வேயிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்ட் வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர். லோர்னுக்கும் அப்போலோ பேக்கும் நடுவில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல், மேற்கே போகும்போது கடல் பக்கம் உங்களுடையது. பின்னால் வரிசை கட்டும் கார்களுக்காக ஒதுங்கி வழிவிட வேண்டும். அந்த வளைவுகளை ஒரு கீறல் இல்லாமல் கடந்தவர் உங்கள் கணவர். அதை நீங்கள் எந்த விருந்திலாவது சொன்னீர்களா? அந்தக் கரையில் அதைவிடப் பெரிய கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. 1990 ஜனவரியில் லண்டன் பிரிட்ஜ் என்ற பாறை வளைவு இடிந்து விழுந்து, மேலே நின்ற இருவர் கடலுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வந்துதான் மீட்டது.

மற்றவை சின்ன விஷயங்கள். ஆனிங்கைத் தூங்கப் போகும் முன்பும் வெளியே போகும் முன்பும் சுருட்டிவிடுங்கள். தெற்குக் கடல் காற்று சொல்லிவிட்டு வராது. குக்கபரா இருக்கும் இடத்தில் பிள்ளைகள் கூரைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடட்டும். மாவை வீட்டில் புளிக்க வைத்து, பாதி டப்பா மட்டும் நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் காரில் கொண்டுபோங்கள்.

அவரிடம் பேசும்போது கேரவனில் ஆரம்பிக்காதீர்கள். "அன்னிக்கு ரிவர்ஸ்ல நான் கத்தினது தப்பு, எனக்கும் ஓட்டக் கத்துக்குடுங்க" என்று ஆரம்பியுங்கள். வாடகை இன்சூரன்ஸில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். இடமும் மாற்றுங்கள்: கிழக்கே லேக்ஸ் என்ட்ரன்ஸ். பிரின்சஸ் ஹைவேயில் பெரும்பாலும் சமதரை, மலைவிளிம்பு கிடையாது, போய்ச் சேர்ந்தால் ஏரியும் நைன்ட்டி மைல் பீச்சும் பக்கத்திலேயே. ஒரே இடத்தில் கேரவனைக் கழற்றி வைத்துவிட்டு மற்ற நாட்களில் காரில் மட்டும் சுற்றுங்கள், மாமியாருக்கும் அதுதான் வசதி. பள்ளி விடுமுறை என்பதால் இடங்கள் சீக்கிரம் நிரம்பும், இப்போதே கூப்பிடுங்கள். டிரைவ்-த்ரூ இடம், அதாவது ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்படியே வெளியேறும் இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அங்கே ரிவர்ஸே எடுக்க வேண்டாம்.