பிளான்ச் கேலோவேயின் குழு: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் பாடகர் கேப் கேலோவே பற்றிய உங்கள் கட்டுரையில் அவருடைய அக்கா பிளான்சின் பெயர் வந்திருந்தது. அவருடைய 1931ஆம் வருடப் பாட்டுகளை யூடியூபில் தேடிக் கேட்டேன். 'குரோலின் டான்' பாட்டில் அவர் ஒரு வரி பாட, குழு அதைத் திருப்பிப் பாடுகிறது. அப்படியே தம்பியின் பாணி. தம்பியின் புகழ்பெற்ற 'மின்னி தி மூச்சர்' பாட்டில் வரும் மின்னி என்ற பெண்ணின் பெயர்கூட உள்ளே வருகிறது. புகழ்பெற்ற தம்பியைப் பார்த்து அக்காவும் செய்துபார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. திறமையில் ஒரு படி கீழே என்பதால்தான் அவரை மறந்துவிட்டார்களா?

அன்புடன்,
ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள வாசகிக்கு,

இருவர் பாணியும் ஒன்று என்று நீங்கள் கண்டுகொண்டது சரி. மின்னியின் பெயரை அக்கா தம்பியிடமிருந்து எடுத்துக்கொண்டதும் உண்மை. ஆனால் பாணி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை 1931இல் நின்று பார்த்தால் தெரியாது. பத்து வருடம் பின்னால் போக வேண்டும்.

பிளான்ச் வளர்ந்தது பால்டிமோரில். அப்பா வழக்கறிஞர். அம்மா ஆசிரியை, தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மகள் மேடைப் பாடகி ஆவதில் அம்மாவுக்கு விருப்பமில்லை. மகள் கேட்கவில்லை. மார்கன் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு, 1921இல் 'ஷஃபிள் அலாங்' இசைநாடகத்தில் மேடையேறினார். அப்போது கேப்புக்கு வயது 13. அதன் பிறகு 'பிளான்டேஷன் டேஸ்' குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி, சிகாகோவில் பெயர் வாங்கினார். 1925 நவம்பரில் அவர் இரண்டு புளூஸ் பாட்டுகளை இசைத்தட்டுக்காகப் பாடியபோது கார்னெட் என்ற ஊதுகருவியை வாசித்தவர் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங். ஆம்ஸ்ட்ராங் தன் புகழ்பெற்ற ஹாட் ஃபைவ் குழுவின் முதல் பதிவுகளைச் செய்ததும் அதே மாதம்தான்.

கேப்பை மேடைக்குக் கொண்டுவந்தவர் இந்த அக்கா. தம்பி சட்டம் படிக்க வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. சிகாகோவில் கல்லூரியிலும் சேர்ந்தார், ஆனால் அக்காவின் உலகம் அவரை இழுத்துக்கொண்டது. 1976இல் வந்த தன் சுயசரிதையில் கேப் அக்காவின் பாட்டையும் ஆட்டத்தையும் மனம் திறந்து புகழ்ந்திருக்கிறார். மேடையில் ஓடுவது, குழுவைச் சீண்டுவது, சபையைப் பாட வைப்பது எல்லாவற்றையும் அவர் முதலில் பார்த்தது பிளான்சிடம்.

1931இல் பிலடெல்பியாவின் பேர்ல் தியேட்டரில் ஜாஸ் குழுத்தலைவர் ஆண்டி கிர்க்கின் குழுவோடு பிளான்ச் பாடிக்கொண்டிருந்தார். அந்தக் குழுவையே பிளான்சின் கைக்கு மாற்ற முயற்சி நடந்தது. கிர்க் தன் ஆட்களோடு விலகிக்கொண்டார். உடனே பிளான்ச் சொந்தக் குழு ஒன்றைச் சேர்த்தார்: 'பிளான்ச் கேலோவேயும் அவருடைய ஜாய் பாய்ஸும்'. ஆண்கள் மட்டுமே வாசித்த பெரிய ஜாஸ் குழுவுக்குத் தலைமையேற்ற முதல் பெண் என்று இசை வரலாறு அவரைக் குறிப்பது இதனால்தான். தலைமை என்றால் முன்னால் நின்று பாடுவது மட்டும் இல்லை. ஆள் எடுக்க வேண்டும், ஒப்பந்தம் பேச வேண்டும், பொருளாதார வீழ்ச்சியின் நடுவே சம்பளம் கொடுக்க வேண்டும். அவர் எடுத்த ஆட்களைப் பாருங்கள்: டெனர் சாக்ஸஃபோனில் பென் வெப்ஸ்டர், டிரம்ஸில் கோசி கோல். அப்போது பெரிதாக வெளியே தெரியாத இளைஞர்கள். வெப்ஸ்டர் 1936இலும் கோல் 1938இலும் வாசிக்கப் போன இடம் கேப்பின் குழு! அக்கா தேர்ந்தெடுத்த கைகள் தம்பிக்கும் தேவைப்பட்டன.

ஆகவே திறமை என்ற ஒரே அளவுகோலால் இந்த இருவரையும் அளக்க நான் மறுக்கிறேன். கேப்புக்குப் பின்னால் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் காட்டன் கிளப் என்ற இரவு விடுதி இருந்தது. அங்கிருந்து வானொலி அவர் குரலை நாடு முழுக்கக் கொண்டுபோனது. ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் மேலாளரான இர்விங் மில்ஸே கேப்பையும் கவனித்துக்கொண்டார். நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்த தெற்கு மாநிலங்களுக்குப் போகும்போது அவருடைய குழு தனக்கென்று அமர்த்திய புல்மன் ரயில் பெட்டியில் போனது. தூக்கமும் சாப்பாடும் அதற்குள்ளேயே. விடுதி தேடி அவமானப்பட வேண்டியதில்லை. பிளான்சுக்கு நிலையான அரங்கு இல்லை, அப்படி ஒரு மேலாளரும் இல்லை. இருந்தது சாலை மட்டும்.

அந்தச் சாலைதான் அவரை முறித்தது. 1936இல் மிசிசிப்பியின் யாசூ நகரத்தில், ஒரு பெட்ரோல் பங்கில், பெண்கள் கழிப்பறைக்குப் போனார். அது வெள்ளைக்காரப் பெண்களுக்கானது. அதற்காக அவரைக் கைது செய்தார்கள். உடன் இருந்த இசைக்கலைஞரைத் துப்பாக்கியால் அடித்தார்கள். இவர்கள் சிறையில் இருந்தபோது குழுவில் ஒருவரே பணத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். மஞ்சள் நிற கேடிலாக் காரை விற்றுத்தான் பிளான்ச் ஊரை விட்டு வெளியேற முடிந்தது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு ஆத்திரம் வருகிறது. 1938இல் திவால் மனு கொடுத்தார். 1940இல் பெண்கள் மட்டுமே கொண்ட குழு ஒன்றையும் தொடங்கினார். அது நீடிக்கவில்லை.

அதோடு அவர் கதை முடிந்ததாக எழுதுகிறவர்கள் பாடகி ரூத் பிரவுனை மறந்துவிடுகிறார்கள். 1940களின் கடைசியில் பிளான்ச் வாஷிங்டனில் கிரிஸ்டல் கேவர்ன்ஸ் என்ற கிளப்பை நடத்திக்கொண்டிருந்தார். இசைக்குழுத் தலைவர் லக்கி மிலிண்டர் தன் குழுவிலிருந்து நீக்கிவிட, கையில் காசில்லாமல் நின்றார் ரூத். பிளான்ச் அவரைப் பாட வைத்தார், பிறகு மேலாளராகவும் ஆனார். அந்தக் கிளப்பில் பாடியது வழியாகத்தான் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் கதவு திறந்தது. 1948இல் நியூயார்க் போகும் வழியில் கார் விபத்து. ரூத் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது மருத்துவமனைக் கட்டிலில். 'ரூத் கட்டிய வீடு' என்று அட்லாண்டிக்கையே சொல்லும் அளவுக்கு அவருடைய ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுகள் விற்றன. அமெரிக்க இசையில் பிளான்சின் செல்வாக்கைத் தேடுகிறவர்கள் ஜாஸோடு நின்றுவிடக் கூடாது.

பின்னாட்களில் பிளான்ச் மியாமியில் வானொலி அறிவிப்பாளரானார், நிகழ்ச்சிப் பொறுப்பாளராகவும் உயர்ந்தார். 1960களின் இறுதியில் கறுப்பினப் பெண்களுக்கான அழகுசாதன நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1978 டிசம்பரில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார்.

மறுபடி கேட்பதாக இருந்தால் 'ஐ நீட் லவின்' பாட்டிலிருந்து தொடங்குங்கள். அது 1931 மார்ச்சில் கிர்க்கின் ஆட்களோடு பதிவானது, பியானோ மேரி லூ வில்லியம்ஸ். தம்பியின் மின்னி பாட்டும் அதே மார்ச்சில்தான் பதிவானது. அடுத்து 'ஜஸ்ட் எ கிரேசி சாங்'. அதில் அவர் சிரிப்பையும் கூவலையும் எப்படித் தாளத்துக்குள் விடுகிறார் என்று கவனியுங்கள். 'குரோலின் டான்' அதற்குப் பிறகு இருக்கட்டும்.