கட்டுரையில் விட்டுப்போனவள்

அன்புள்ள ஐயா,

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அம்மா உங்களைத் தொடர்ந்து வாசிப்பவர். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

போன மாதம் பள்ளியிலிருந்து மூன்று நாள் சாகச முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். டென்ட் அடித்தோம், டிரம்களைக் கயிற்றால் கட்டி மிதவை செய்தோம், ராத்திரியில் டார்ச் இல்லாமல் நடந்தோம். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் ராப்பெல்லிங், அதாவது இடுப்பில் கயிறு மாட்டிக்கொண்டு பாறையில் பின்பக்கமாகச் சாய்ந்து இறங்குவது. பாறை மூன்று மாடி உயரம் இருக்கும். எனக்கு முன்னால் என் தோழி. ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்ச். விளிம்பு வரை போனாள். பின்னால் சாயச் சொன்னார்கள், அவளால் முடியவில்லை. பத்து நிமிடம் அப்படியே நின்றாள். அப்புறம் "வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். சில பையன்கள் சிரித்தார்கள்.

அடுத்தது நான். எனக்கும் கால் வெடவெடவென்று ஆடியது. ஆனால் வரிசையில் இருபது பேர் நிற்கிறார்கள், நானும் திரும்பினால் என்ன சொல்வார்களோ என்று இருந்தது. அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் இன்ஸ்ட்ரக்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "என்னையே பாரு, கீழ பாக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எப்படியோ இறங்கிவிட்டேன்.

திரும்பி வந்ததும் அனுபவக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். 'பயத்தை வென்ற நாள்' என்று தலைப்பு வைத்தேன். அதில் ஒரு வரி: "பயந்து பின்வாங்கியவர்களைப் பார்த்தேன், அவர்களைப் போல் ஆகிவிடக் கூடாது என்று உறுதி பூண்டேன்." யார் பெயரையும் எழுதவில்லை. முதல் பரிசு கொடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். ஆனால் பின்வாங்கியது அவள் ஒருத்திதான் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. பெஞ்சும் மாறிவிட்டாள்.

நான் பொய் ஒன்றும் எழுதவில்லையே, பிறகு ஏன் இப்படி உறுத்துகிறது? உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம் போகவே இல்லை. இன்றைக்கு மறுபடி இறங்கச் சொன்னாலும் பயப்படுவேன். அப்படியானால் நான் வென்றேனா, இல்லையா?

ஒரு மாணவி

*

அன்புள்ள மாணவிக்கு,

வாசகர்களை 'நீங்கள்' என்று எழுதுவதுதான் என் வழக்கம். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை அப்படி எழுதினால் இரண்டு பேருக்குமே கூச்சமாக இருக்கும். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

முதலில் உன் கால் ஆடியதைப் பற்றி. பாறை ஏறுகிறவர்கள் இதற்குத் 'தையல் மிஷின் கால்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நுனிக்காலில் உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, கூடவே பயமும் சேர்ந்தால் கெண்டைச் சதை தானாகத் துடிக்க ஆரம்பித்துவிடும். நான் பள்ளியில் படித்தபோது இதே மாதிரி ஒரு முகாமில் பாதிப் பாறையில் மாட்டிக்கொண்டேன். வலது கால் துணி தைக்கிற வேகத்தில் ஆடியது. "குதிகாலை இறக்குடா!" என்று கீழேயிருந்து ஒருவர் கத்தினார். இறக்கினேன், நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து பயமே இல்லாமல் இறங்கியதாகத்தான் சொன்னேன். ஆக, உன்னைக் குற்றம் சொல்கிற இடத்தில் நான் இல்லை.

ராப்பெல்லிங்கில் கஷ்டமெல்லாம் முதல் ஒன்றரை அடியில்தான். கயிறு இறுகுகிற வரை பின்னால் சாய வேண்டும், நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்காருவது மாதிரி. அப்படிச் சாய்ந்தால்தான் உள்ளங்கால் முழுதாகப் பாறையில் பதியும். ஆனால் உடம்போ பாறையைக் கட்டிக்கொள்ளத்தான் பார்க்கும். கட்டிக்கொண்டால் கால் வழுக்கும், முட்டி சிராய்க்கும். உன் இடுப்பில் மாட்டிய காராபினர் என்ற உலோகக் கொக்கி 2,000 கிலோவுக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டது. மாட்டும்போதே அதைச் சொல்லியிருப்பார்கள். தலைக்கு அது புரியும், காலுக்குப் புரியாது.

கால் சொல்வதும் முட்டாள்தனம் இல்லை. எலினோர் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1960-இல் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். ஒரு பெரிய கண்ணாடி மேஜை. ஒரு பாதியில் கண்ணாடியை ஒட்டியே கட்டம் போட்ட துணி. மறுபாதியில் அதே துணி கீழே தரையில் கிடக்கும், பார்த்தால் பள்ளம் மாதிரி தெரியும். நடுவில் ஒரு பலகை. அதில் குழந்தையை விட்டு, அம்மாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி நின்று கூப்பிடச் சொன்னார்கள். 6 முதல் 14 மாதம் வரையுள்ள 36 குழந்தைகள். நடுப்பலகையை விட்டு நகர்ந்தவை 27. பள்ளத்தின் மேல் தவழ்ந்தவை மூன்றே மூன்று. கண்ணாடியைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டும் வராத குழந்தைகள் உண்டு. அம்மாவிடம் போக முடியவில்லையே என்று அழுதவையும் உண்டு. உன் தோழியின் உடம்பு அன்று செய்தது இதைத்தான்.

இனி 1985-க்கு வா. சோர்ஸ், எம்டே, கேம்போஸ், கிளின்னர்ட் என்ற நால்வர் அதே மேஜையில் வேறொன்று செய்து பார்த்தார்கள். பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்து ஒரு அடி ஆக்கினார்கள். போகலாமா வேண்டாமா என்று குழந்தைக்கே சந்தேகம் வருகிற ஆழம். ஒரு வயதுக் குழந்தை விளிம்புக்கு வந்ததும் எதிரே நிற்கும் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மா வாய் திறக்கக் கூடாது, முகத்தை மட்டும் காட்ட வேண்டும். சிரித்த முகத்தைப் பார்த்த 19 குழந்தைகளில் 14 கடந்து வந்தன. பயந்த முகத்தைப் பார்த்த 17-இல் ஒன்றுகூட வரவில்லை.

உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது நான் நின்ற இடமும் இதுதான். "என்னையே பாரு, கீழ பாக்காத." கடிதத்தில் அந்த வரி இருக்கிறது. பரிசு வாங்கிய கட்டுரையில் இருந்ததா? இருந்திருந்தால் அவள் பெஞ்ச் மாறியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

ஒரு நிமிடம் அவள் நிலையில் இருந்து பார். இப்போதுதான் எல்லார் முன்னாலும் திரும்பி வந்திருக்கிறாள். சிரிப்புச் சத்தம் காதில் விழுந்திருக்கிறது. டென்ட்டுக்கு ஓடிப்போய்ப் படுத்திருக்கலாம், யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அவளோ தன்னால் முடியாத அதே விளிம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு முகம் காட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் பயந்த முகத்தை அல்ல.

பொய் எழுதவில்லை என்கிறாய். பாதி சரி. 'உறுதி பூண்டேன்' என்பது பொய். நீ ஒன்றும் பூணவில்லை, பின்னால் இருபது பேர் நின்றார்கள், அவ்வளவுதான். அதே இருபது பேர் அவளுக்குப் பின்னாலும் நின்றார்கள். அவர்கள் முன்னால் அவள் "வேண்டாம் சார்" என்றாள். உன்னால் அதைச் சொல்ல முடியவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். யாருக்குத் துணிச்சல் அதிகம் என்று பட்டிமன்றம் வைக்க நான் வரவில்லை. ஆனால் வைத்தால் உன் கட்சி ஜெயிப்பது கஷ்டம். (அவளைத் தள்ளாமல், அதட்டாமல் திரும்ப விட்ட அந்த இன்ஸ்ட்ரக்டரைப் பார்த்தால் என் வணக்கத்தைச் சொல்.)

தப்பு முழுக்க உன்னுடையதும் இல்லை. முகாம் கட்டுரை என்பது பெரும்பாலும் பஸ் கிளம்பும் முன்பே எழுதி முடித்த கட்டுரை. பயந்தேன், துணிந்தேன், வென்றேன். இடத்தையும் தேதியையும் நிரப்பினால் போதும். அந்த அச்சில் தோற்றுப்போக ஒரு ஆள் தேவைப்படுகிறது. நீ அச்சை நிரப்பினாய், பக்கத்தில் இருந்தவள் மாட்டிக்கொண்டாள். ஒட்டுவதற்கு முன் அந்த வரியைப் பெரியவர்கள் யாராவது நிறுத்திப் படித்திருக்கலாம்.

வென்றேனா என்று கேட்டாய். இல்லை. பயந்துகொண்டே இறங்கினாய். மறுபடி போனாலும் பயம் வரும், கொஞ்சம் குறைவாக வரும். அதற்குள் கயிறு உனக்குப் பழகியிருக்கும். முகாம் நடத்துகிற பலர் பெருமையாகச் சொல்லும் கர்ட் ஹான் என்ற ஜெர்மன் கல்வியாளரும் பயத்தை வெல்வதற்காகத் தொடங்கியவர் அல்ல. 1941-இல், உலகப் போர் நடுவே, வேல்ஸில் அபர்டோவி என்ற கடலோர ஊரில் லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளியோடு சேர்ந்து அவர் அவுட்வர்ட் பவுண்ட் என்ற சாகசப் பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தார். கப்பல் மூழ்கி உயிர்காக்கும் படகில் தத்தளிக்கும்போது, உடம்பில் வலு அதிகமுள்ள இளம் மாலுமிகள் வயதானவர்களைவிடச் சீக்கிரம் மனம் விட்டுப்போகிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. ஹான் அங்கே வைத்த பாடங்களில் அவருக்கு மிகப் பிடித்தது அடுத்தவரை மீட்பது. உங்கள் முகாமில் அந்தப் பாடத்தில் யாருக்கு நல்ல மார்க் கிடைத்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

சரி, இப்போது என்ன செய்வது? அவளிடம் போய் "நான் உன்னைச் சொல்லவில்லை" என்று மட்டும் ஆரம்பிக்காதே. அவளைத்தான் சொன்னாய், அது அவளுக்கும் தெரியும். "நீ அங்கே உட்கார்ந்திருந்ததால்தான் இறங்கினேன், அதை எழுதாமல் விட்டுவிட்டேன்" என்று சொல். நீளமாக வேண்டாம். உடனே பேசமாட்டாள், பரவாயில்லை. அதற்கு முன்பே ஆசிரியரிடம் போய்க் கட்டுரையை போர்டிலிருந்து எடுக்கச் சொல்லிவிடு. அது அங்கே இருக்கும் வரை நீ சொல்வது எதுவும் அவள் காதில் ஏறாது.

வேறு கட்டுரை எழுத ஆசை வரும். எழுது, ஆனால் அவளிடம் கேட்காமல் யாரிடமும் காட்டாதே. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பரிசைத் திருப்பிக் கொடுக்கணுமா என்று அடுத்த கடிதம் போடாதே. கொடுக்க வேண்டியதில்லை. கையெழுத்துக்கும் சேர்த்துத்தானே கொடுத்திருப்பார்கள்.

அன்புடன்.