முதலில் டிராவைப் பாருங்கள்: விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் பற்றித்தான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எழுதும்போது தயவுசெய்து ஆண்டைக் குறிப்பிடுங்கள். "அந்த ஃபைனலில் ஏன் தோற்றார்?" என்று மட்டும் கேட்டால் பதில் சொல்ல வழியில்லை.

டிராவில் செட்டிங் நடக்கிறதா? பெரிய ஆட்டக்காரர்கள் ஏன் காலிறுதியிலேயே மோதுகிறார்கள்? (திருச்சி வாசகர்)

நடக்கவில்லை. டிரா என்பது யார் யாரோடு மோதுவார் என்ற அட்டவணை. அதில் 1, 2 ஆகிய ஸீடுகள் (முன்னணி வரிசை எண் பெற்றவர்கள்) இரு வேறு பாதிகளில் இருப்பார்கள். 3, 4 எந்தப் பாதிக்குப் போவார்கள் என்பது சீட்டுக் குலுக்கல். 5 முதல் 8 வரை உள்ளவர்கள் எந்தக் காலிறுதிப் பகுதியிலும் விழலாம். ஸீடு இல்லாத 96 பேரும் முழுக்க முழுக்கக் குலுக்கலில் வருபவர்கள்தான்.

2013இல் நடாலுக்கு 5ஆம் ஸீடு. ஃபெடரர் இருந்த பகுதியிலேயே வந்து விழுந்தார். அன்றும் இதே கூச்சல். கடைசியில் நடால் முதல் சுற்றில் டார்சிஸிடம் தோற்றார், ஃபெடரர் இரண்டாம் சுற்றில் ஸ்டகோவ்ஸ்கியிடம் தோற்றார். வென்ற இருவருமே உலகத் தரவரிசையில் 100க்கு வெளியே இருந்தவர்கள். காலிறுதியில் மோதுவார்கள் என்று பேசியவர்கள் நடுவில் இருக்கும் நான்கு சுற்றுகளை மறந்துவிட்டார்கள். டிராவை முழுசாகப் பாருங்கள், மேலே இருக்கும் நாலு பெயரை மட்டும் பார்க்காதீர்கள்.

இஸ்னர், மாஹூ ஆட்டம் போல இனி ஒன்று நடக்குமா? (சேலம்)

நடக்காது. 2010இல் 18ஆம் கோர்ட்டில் மூன்று நாள்களாக 11 மணி நேரத்துக்கு மேல் ஆடினார்கள். ஐந்தாவது செட் 70-68. ஸ்கோர்போர்டே 47-47க்கு மேல் நகராமல் நின்றுவிட்டது. 2018 அரையிறுதியில் ஆண்டர்சனும் இஸ்னரும் 26-24 வரை இழுத்த பிறகு, 2019இல் 12-12 வந்தால் டைபிரேக் (செட்டை முடித்துவைக்கும் குறுகிய புள்ளிப் போட்டி) என்று கொண்டுவந்தார்கள். 2022 முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களுக்கும் ஒரே விதி: கடைசி செட்டில் 6-6 ஆனால் 10 புள்ளி டைபிரேக், 2 புள்ளி வித்தியாசம் வேண்டும். மற்ற செட்களில் வழக்கமான 7 புள்ளிதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதுகிறவர்கள் அதிகம்.

2019 ஃபைனலில் ஃபெடரர்தானே அதிகப் புள்ளி எடுத்தார்? எப்படித் தோற்றார்? (நாகர்கோவில்)

ஆமாம், 218க்கு 204. ஆனால் டென்னிஸில் மொத்தப் புள்ளியை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. எந்தப் புள்ளி எப்போது வந்தது என்பதுதான் கணக்கு. ஐந்தாவது செட்டில் 8-7, 40-15, சர்வ் ஃபெடரருடையது. முதல் சாம்பியன்ஷிப் பாயின்ட்டில் (எடுத்தால் பட்டம் என்ற புள்ளியில்) அவருடைய ஃபோர்ஹேண்ட் பக்கவாட்டில் வெளியே போனது. அடுத்ததில் நெட்டுக்கு ஏறி வந்தார், ஜோகோவிச் குறுக்காக அடித்த ஃபோர்ஹேண்ட் அவரைத் தாண்டிப் போனது. அந்த ஆட்டத்தின் மூன்று டைபிரேக்கையும் ஜோகோவிச்தான் எடுத்தார். ஃபெடரர் சுலபமாக வென்ற இரண்டாவது செட் 6-1. அங்கே குவித்த புள்ளிகள் ஒரே ஒரு செட்டாகத்தான் கணக்கில் வரும்.

வில்லியம் ரென்ஷா தொடர்ந்து 6 முறை வென்றிருக்கிறாரே, போர்க் 5 முறைதானே? யார் பெரியவர்? (மதுரை)

ரென்ஷா காலத்தில் முந்தைய ஆண்டு சாம்பியன் ஃபைனல் மட்டும் ஆடினால் போதும். 1881இல் சுற்றுகளைத் தாண்டி வந்தார். அடுத்த ஐந்து ஆண்டும் ஆண்டுக்கு ஒரே ஆட்டம். இந்த முறையை 1922இல் எடுத்துவிட்டார்கள். போர்க் 1976 முதல் 1980 வரை ஒவ்வோர் ஆண்டும் 7 ஆட்டம் ஜெயித்தார். 1981இல் மெக்கன்ரோவிடம் ஃபைனலில் தோற்பதற்குள் தொடர்ந்து 41 வெற்றி. ஃபெடரர் 2003 முதல் 2007 வரை தொடர்ந்து வென்றதும் இதே வரிசையில் வைக்க வேண்டியது. பழைய பட்டியலைக் கையில் எடுத்தால் அந்த ஆண்டு விதி என்ன என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

ராமநாதன் கிருஷ்ணன் அரையிறுதிக்கு மேல் போகவில்லையே? (சென்னை)

1960இல் நீல் ஃப்ரேசரிடம் தோற்றார், 1961இல் ராட் லேவரிடம். இருவருமே அந்தந்த ஆண்டு சாம்பியன்கள். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வென்றுவிட்டுத்தான் லேவரைச் சந்தித்தார். 1962இல் அவருக்கு 4ஆம் ஸீடு கொடுத்தார்கள், கணுக்கால் காயத்தால் விலக வேண்டியதாயிற்று. "மேல் போகவில்லை" என்று எழுதுவதற்கு முன் இதையெல்லாம் படித்திருக்கலாம்.

நம் ஆட்கள் முதல் சுற்றில் தோற்றுவிட்டு லட்சக்கணக்கில் பணம் வாங்கி வருகிறார்கள். தோற்றவனுக்கு எதற்கு இவ்வளவு? தகுதிச் சுற்று என்பதும் வெறும் சடங்குதானே? (கோவை)

இந்தக் கடிதம் ஏதோ ஒரு வடிவில் ஒவ்வொரு ஜூலையிலும் வருகிறது. இந்த முறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

2025இல் முதல் சுற்றில் தோற்றவருக்கு 66,000 பவுண்டு. நம் பணத்தில் முக்கால் கோடி. பெரிய தொகைதான். ஆனால் அந்த 128 பேரில் ஒருவராக நுழைவது எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? ரேங்கிங்கை வைத்து நேரடியாகப் போகிறவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். மிச்ச இடத்தில் 8 வைல்டு கார்டு (போட்டியை நடத்துகிறவர்கள் அழைத்துக் கொடுக்கும் இடம்) போக, 16 இடம் தகுதிச் சுற்றுக்கு. அந்த 16க்கு 128 பேர் ரோஹாம்ப்டனில் மோதுகிறார்கள். மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும். இதைச் சடங்கு என்கிறீர்கள்.

அப்புறம் பணம். அதில் பிரிட்டன் வரி போகும். பயிற்சியாளர் சம்பளம், ஃபிஸியோ, விமானம், விடுதி, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவது எல்லாம் ஆட்டக்காரர் பையிலிருந்துதான். ஆண்டின் பெரும்பகுதி சேலஞ்சர் என்னும் கீழ்நிலைப் போட்டிகளில் போகிறது. அங்கே முதல் சுற்றில் தோற்றால் வந்த விமானச் செலவே தேறாது. நான்கு கிராண்ட்ஸ்லாம்களில் கிடைக்கும் தொகைதான் அந்த ஆண்டு முழுவதையும் ஓட்டுகிறது.

சுமித் நாகல் 2023இல் தன் வங்கிக் கணக்கில் இருப்பது 900 யூரோ என்று வெளிப்படையாகச் சொன்னார். சுமார் 80,000 ரூபாய். அப்போது அவர் இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரர். சில மாதம் கழித்து 2024 ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச் சுற்றைத் தாண்டி, 31ஆம் ஸீடு புப்லிக்கை நேர் செட்களில் வென்றார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் ஓர் இந்தியர் ஸீடு பெற்றவரை வென்றது 1989இல் ரமேஷ் கிருஷ்ணன் விலாண்டரை வென்றதற்குப் பிறகு அதுதான் முதல் முறை. அதே ஆண்டு விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றார். உங்கள் கணக்கில் அவரும் சும்மா பணம் வாங்கி வந்தவர்.

சென்னைக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரனை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் மெயின் டிரா ஆடினார், நான்கிலும் முதல் சுற்றோடு திரும்பினார். செய்தித்தாள்கள் "முதல் சுற்றில் வெளியேற்றம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டன. எதிரே யார் என்று பார்த்தீர்களா? விம்பிள்டனில் 2016 ரன்னர்-அப் ராவ்னிக். அமெரிக்க ஓபனில் மெத்வதேவ், அவர் அந்த முறை ஃபைனல் வரை போனார். மறுபடியும் சொல்கிறேன், டிராவைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

2025 விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் மெயின் டிராவில் ஓர் இந்தியர்கூட இல்லை. முதல் சுற்றில் தோற்க ஒருவராவது இருந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். சாம்பியனுக்கு 30 லட்சம் பவுண்டு, அதாவது முதல் சுற்றில் தோற்றவரைப் போல 45 மடங்கு. அதில் கொஞ்சம் குறைத்துத் தகுதிச் சுற்றுக்குக் கொடுத்தால் இன்னும் பலர் இந்த ஆட்டத்தை விடாமல் ஆடுவார்கள் என்பது என் உறுதியான கருத்து.

சர்வ்-வாலி ஆட்டம் ஏன் மறைந்தது? (புதுச்சேரி)

சர்வ் அடித்ததும் நெட்டுக்கு ஓடி, பந்து தரையில் படும் முன் அடிப்பதுதான் சர்வ்-வாலி. 2001 வாக்கில் புல்லை மாற்றினார்கள். அதுவரை ரைப்புல்லோடு ஃபெஸ்க்யூ புல்லும் 30 சதவீதம் கலந்திருந்தது, பிறகு முழுக்க ரைப்புல். தரை கெட்டியானது, பந்து கொஞ்சம் எழும்பி வருகிறது, நெட்டுக்கு வந்தவரைத் தாண்டி பாஸிங் ஷாட் அடிக்க நேரம் கிடைக்கிறது. புல் மட்டும் காரணமில்லை. பாலியெஸ்டர் நரம்பு வந்த பிறகு நெட்டுக்கு வருகிறவரின் காலடியில் பந்தை இறக்குவது சுலபமாகிவிட்டது. 2001 ஃபைனலில் இவானிசெவிச்சும் ராஃப்டரும் நெட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த ஆண்டே ஹூயிட்டும் நல்பாண்டியனும் பேஸ்லைனில் (கோர்ட்டின் பின்கோட்டில்) நின்று ஆடினார்கள். இப்போதெல்லாம் இரண்டாவது வாரத்தில் பேஸ்லைன் ஓரம் மட்டும் மண் தெரியும், நெட்டுப் பக்கம் புல் பச்சையாகவே இருக்கும்.

லைன் நடுவர்கள் எங்கே போனார்கள்? (ஈரோடு)

2025 முதல் இல்லை. மின்னணு முறையில்தான் அவுட் சொல்கிறார்கள், அதனால் ஆட்டக்காரர் முடிவை எதிர்த்துக் கேட்கும் சேலஞ்சும் இல்லை.

இந்த முறை யார் வெல்வார், எவ்வளவு கட்டலாம்? (ஏழெட்டுக் கடிதங்கள்)

பணம் கட்டுவதற்காகக் கேட்பவர்களுக்கு இங்கே பதில் கிடையாது. முன்பும் சொல்லியிருக்கிறேன்.

நம் நேரப்படி எப்போது பார்க்கலாம்? இரவு ஆட்டம் பாதியில் நின்றால் என்ன ஆகும்? (தூத்துக்குடி)

வெளிக் கோர்ட்டுகளில் மாலை 3:30 வாக்கில் தொடங்கும், சென்டர் கோர்ட்டில் 6 மணிக்கு. 2025 ஃபைனல் 8:30க்கு. முதல் வாரத்தில் வெளிக் கோர்ட்டுகளை விட்டுவிடாதீர்கள், ஐந்து செட் ஆட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான். அங்கே இருட்டினால் அன்றைக்கு அவ்வளவுதான். கூரை உள்ள இரண்டு கோர்ட்டுகளில் விளக்கு போட்டு ஆடலாம், ஆனால் லண்டன் நேரம் இரவு 11 மணிக்கு நிறுத்தியாக வேண்டும். நமக்கு அது அதிகாலை 3:30. 2018இல் ஜோகோவிச், நடால் அரையிறுதியை அப்படித்தான் மூன்று செட்டோடு நிறுத்தினார்கள். மறுநாள் கூரையை மூடி வைத்தே தொடர்ந்தார்கள், ஜோகோவிச் ஐந்தாவது செட்டை 10-8 என்று எடுத்தார்.